பழைய வீட்டு அடுக்களை: குறைந்த பணத்தை எங்கே போடுவது?

பழைய குடும்ப வீட்டைச் சீர்ப்படுத்த இறங்குகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் அடுக்களையில்தான் உதைக்கும். கூடத்துக்கு வெள்ளையடித்தால் முகம் மாறிவிடும். படுக்கையறைக்கு ஒரு மின்விசிறியும் அலமாரியும் போதும். அடுக்களைக்கு அந்தச் சலுகை இல்லை. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, புகை, எண்ணெய்ப் பிசுக்கு, நீராவி எல்லாம் நூறு சதுர அடிக்குள் ஒன்றுகூடும் அறை அது. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கல் பதிப்பவர், தச்சர், பெயின்டர் என்று ஆறு வகைத் தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராக வந்துபோக வேண்டியிருக்கும். ஒருவர் முடித்ததை அடுத்தவர் உடைத்தால் இரட்டைக் கூலி.

இதைப் பற்றி இன்று கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி விற்பவர்களிடமிருந்து வருகிறது. கப்போர்டு விற்பவர் கப்போர்டிலும் டைல்ஸ் விற்பவர் சுவரிலும் தொடங்கச் சொல்வார். வீட்டில் சமைப்பவரின் தேவையும் கையிலிருக்கும் பணமும் அந்தப் பேச்சில் கடைசியில்தான் இடம்பெறும். தமிழ்நாட்டின் பழைய வீடுகளை முன்வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

இந்த அடுக்களை எப்படி இப்படி ஆனது?

நாம் இன்று திருத்த நினைக்கும் அடுக்களை ஒரே நாளில் கட்டப்பட்டதன்று. ஓட்டு வீடானாலும், மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடானாலும், பழைய அமைப்பில் அடுக்களை பின்கட்டில் இருந்தது. அடுப்பு தரையில், சமைப்பவர் உட்கார்ந்தோ குந்தியோ சமைத்தார். விறகுப் புகை மேலே புகைக்கூண்டு வழியாகவோ ஓட்டு இடுக்கு வழியாகவோ வெளியேறியது. ஆட்டுக்கல்லும் அம்மியும் தாழ்வாரத்தில், பாத்திரம் தேய்ப்பது கிணற்றடியில், விறகு கொல்லையில். ஈர வேலையும் அழுக்கு வேலையும் அடுக்களைக்கு வெளியே நடந்ததால் உள்ளே குழாயும் சாக்கடையும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

பிறகு எரிவாயு வந்தது. 1955இல் பர்மா ஷெல் பம்பாயில் சமையல் எரிவாயு விற்பனையைத் தொடங்கியது. 1965இல் இந்தியன் ஆயில் தன் முதல் இண்டேன் இணைப்பைக் கொல்கத்தாவில் தந்தது. சிலிண்டர் அடுப்பு வந்த வீடுகளில் சமைப்பவர் எழுந்து நின்றார். அதற்காகச் சுவரோரம் ஒரு மேடை கட்டினார்கள், மேடையோரம் ஒரு தொட்டி வைத்தார்கள், கிணற்றடியில் நடந்த வேலை உள்ளே வந்தது. தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2007இல் இந்த மாற்றத்தை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசென்றது. 2011 செப்டம்பரில் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் மின்சாரக் கருவிகளையும் சேர்த்தது.

ஆக, அரை நூற்றாண்டுக்குள் மேடை, தொட்டி, குழாய், மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், குடிநீர் சுத்திகரிப்பான், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அடுக்களைக்குள் வந்துவிட்டன. அவற்றைத் தாங்க வேண்டிய வயரும் வடிகாலும் ஜன்னலும் பல வீடுகளில் பழைய நிலையிலேயே நின்றுவிட்டன. ஒரே பிளக் பாயின்ட்டில் மூன்று கருவிகளை மாற்றி மாற்றிச் செருகுவதும், மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் எதிர்த்து வருவதும் இதனால்தான். பழைய அடுக்களையின் நோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது; நாம் பணம் செலவழிப்பதோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.

மூன்று வழிகள்

புதுப்பிப்பதற்கு இன்று மூன்று அணுகுமுறைகள் இருக்கின்றன.

முதலாவது, எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடுவது. அளவெடுத்து, தொழிற்சாலையில் செய்து, சில நாளில் பொருத்திவிடுவார்கள். பார்வைக்கு ஒழுங்கு, வேலை விரைவு. சுவர் நேராகவும் தரை மட்டமாகவும் ஓதம் இல்லாமலும் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இது பொருந்தும். பழைய வீட்டில் சுவர் இரண்டு மூலைக்கு நடுவே ஓர் அங்குலம் வளைந்திருக்கும். தரை வாட்டமாக இருக்கும். பின்சுவரில் ஈரம் ஏறும். அங்கே மரப்பெட்டிகளை வரிசையாக ஒட்டினால் நோயை மூடி மறைத்ததாக ஆகுமே தவிர, தீர்த்ததாக ஆகாது.

இரண்டாவது, லாரி பேக்கர் வழி. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், தேவையற்றதைக் கட்டாமல் விடுவதே முதல் சிக்கனம் என்று செய்து காட்டினார். உள்ளூர்ப் பொருள், உள்ளூர் ஆள், பழைய கதவு ஜன்னல்களின் மறுபயன்பாடு ஆகியவை அவர் பாணி. 1985இல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அந்த வழியைத் தொடர்கிறது. இந்த வழியின் பலம் பொருள் செலவு குறைவது. இதற்குக் கைத்திறனும் பொறுமையும் உள்ள கொத்தனார் வேண்டும். அவர் கிடைக்காத ஊரில் மிச்சம் பிடித்த பொருட்செலவைக் கூலி விழுங்கிவிடும்.

மூன்றாவது, நடுத்தரக் குடும்பங்கள் பெயர் வைக்காமலே பின்பற்றும் வழி: வருடத்துக்கு ஒன்றாகச் செய்வது. இந்த வருடம் மேடைக்கு கிரானைட், அடுத்த போனஸில் டைல்ஸ், அதற்கடுத்து கப்போர்டு. கடன் இல்லாத வழி என்பதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது. வரிசை தவறுவதுதான் இதிலுள்ள ஆபத்து. கிரானைட் பதித்த பிறகு குழாய் ஒழுகுவது தெரிந்தால் கிரானைட்டைப் பெயர்க்க வேண்டும்.

குறைந்த பணத்தில் நிறைவான பலன் வேண்டுமானால் மூன்றாவது வழியின் தவணையை எடுத்துக்கொண்டு, ‘இது உண்மையில் தேவையா’ என்ற இரண்டாவது வழியின் கேள்வியை அதற்கு முன்னால் வைக்க வேண்டும். முதல் வழியிலிருந்து திட்டமிடும் ஒழுங்கை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

கூரை, சுவர், ஓதம்

பார்க்க வேண்டியதில் முதலாவது தலைக்கு மேலே. கான்கிரீட் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். துருவைச் சுரண்டி, கம்பிக்குத் தடுப்புப் பூச்சு கொடுத்து, உரிய கலவையால் அடைக்க வேண்டும். மேலே வெறும் சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு வளரும். மெட்ராஸ் டெரஸில் பிரச்சினை பெரும்பாலும் மொட்டை மாடித் தட்டோட்டின் இணைப்புகளிலும் தேக்குக் கட்டைகளின் சுவரோர முனைகளிலும் இருக்கும். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்து, முழுத் தகடாகவே கழற்ற வேண்டும்.

அடுத்தது சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலங்களில் பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே திருத்துவது நல்லது. டைல்ஸ் ஒட்டும் பகுதிக்கு மட்டும் வேறு தயாரிப்பு செய்துகொள்ளலாம். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் வாட்டர் புரூஃப் பூச்சு வாங்குவது வீண். பல வீடுகளில் காரணம் எளியது: பின்பக்க மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுவது, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருப்பது, ஒழுகும் ஒரு குழாய் இணைப்பு.

அடுக்களையையும் கூடத்தையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்கும் ஆசை இப்போது அதிகம். தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்காமல் எந்தச் சுவரிலும் கை வைக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்தத் திட்டத்திலேயே சிறிய செலவாக இருக்கும்.

பழைய கதவு ஜன்னல் எனாமல் பெயின்ட்டைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்கு ஆகாது. ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

தண்ணீரும் வடிகாலும்

அடுக்களையை வேறு மூலைக்கு மாற்றலாமா என்பது பல வீடுகளில் முதல் விவாதம். வாஸ்துப்படி அக்னி மூலைக்கு, அதாவது தென்கிழக்குக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்வார். நம்பிக்கை அவரவர் விருப்பம். செலவைப் பொறுத்தவரை விடை தெளிவு: அடுப்பை நகர்த்துவது மலிவு, தொட்டியை நகர்த்துவது விலை அதிகம். தொட்டி நகர்ந்தால் வடிகால் நகர வேண்டும். வடிகால் நகர்ந்தால் தரையை வெட்ட வேண்டும். வாட்டம் கிடைக்காவிட்டால் தரையையே உயர்த்த வேண்டும். தொட்டியை அதே சுவரில் வைத்துக்கொண்டு அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் சுற்றி அமைப்பதே சிக்கனம்.

பழைய ஜி.ஐ. குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவும் உப்பும் அடைந்து துவாரம் சுருங்கியிருக்கும். குழாயில் தண்ணீர் மெலிவதற்கு மோட்டாரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும். சுவரை உடைக்கும் இந்த ஒரு வாய்ப்பிலேயே அவற்றை சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது. குழாய்ச் சுவரில் தொட்டிக்கு ஒன்று, குடிநீர் சுத்திகரிப்பானுக்கு ஒன்று, பின்னாளில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று மூடிய முனை ஒன்று என மூன்று இணைப்பு விடலாம்.

வடிகாலில் கஞ்சி, எண்ணெய், தேங்காய்த் துருவல் எல்லாம் போகும். குழாய் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் திறந்து சுத்தம் செய்யும் வாய் வேண்டும். தரை வடிகாலின் வாயில் இருக்கும் நஹானி டிராப்பில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராது. பூச்சுவேலை முடியும் முன், குழாய்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு முழுவதும் விட்டு ஒழுகலைப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை.

பின்கட்டில் இடமிருக்கும் குடும்ப வீடுகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பதையும் மீன் கழுவுவதையும் கிரைண்டர் கழுவுவதையும் மறுபடி வெளியே கொண்டுபோகலாம். கூரை போட்ட சின்ன சர்வீஸ் ஏரியா, ஒரு தாழ்ந்த தொட்டி, ஒரு குழாய், நல்ல வாட்டம் போதும். இட்லிப் பானையையும் பெரிய குண்டானையும் இரட்டைத் தொட்டி சிங்க்கில் திணித்துக் கழுவும் அவஸ்தை தீரும். உள்ளே ஒரே ஆழமான தொட்டி வைத்தால் மேடையில் இடம் மிஞ்சும்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

எழுபது, எண்பதுகளில் கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர்தான். பிற்பாடு செம்பு வயரை அதனோடு முறுக்கி இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்து சூடாகும். இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்று 2,000 வாட் இழுக்கும். அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் இதற்குத் தாங்காது.

அடுக்களைக்குத் தனிச் சர்க்யூட் எடுத்து, விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்குக் குறைந்தது 2.5, இன்டக்‌ஷன் போன்ற கனமான கருவிகளுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் போடலாம். எர்த் கம்பி உண்மையிலேயே பூமியில் இறங்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் அறை என்பதால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் எப்போதும் செருகியே இருக்கும்படி தனித்தனிச் சாக்கெட் வைத்தால் சமைப்பவரின் அன்றாடம் உடனே இலேசாகும். செலவுக்கு ஏற்ற சுகம் இதைப்போல் வேறெதிலும் கிடைக்காது.

அளவு: யாருடைய உயரத்துக்கு?

சின்ன அடுக்களை என்பது குறையல்ல. மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களையின் பரப்பு சுமார் 6.5 சதுர மீட்டர். தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. பிறகு அமெரிக்காவில் அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணக் கணக்கு வந்தது: ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மிகாமல். நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தனிச் சாப்பாட்டு இடம் உள்ள வீட்டின் அடுக்களைக்குக் குறைந்த அளவாக 5 சதுர மீட்டரையும் 1.8 மீட்டர் அகலத்தையுமே கேட்கிறது.

இந்தக் கணக்குகள் நம் சமையலுக்கு அப்படியே பொருந்தாது. நம் வேலையில் பாதி அரைப்பதும் நறுக்குவதும் ஆய்வதும். ஆகவே நான்காவதாக ஓர் இடம் வேண்டும்: மிக்சியும் கிரைண்டரும் நிற்க, அருகே சாக்கெட் இருக்க, எவருக்கும் குறுக்கே வராமல்.

மேடை உயரத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது. கொத்தனார் தனக்குப் பழகிய அளவில் கட்டிவிடுவார். நின்று நறுக்க வசதியான உயரம், முழங்கைக்கு ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கைந்து அங்குலமாவது கீழே. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அந்த உயரத்தவருக்கு மேடை 33 அங்குலம் சரி. அடுப்பு வைக்கும் இடமோ இன்னும் தாழ வேண்டும். அடுப்பே நான்கு அங்குலத்துக்கு மேல் உயரம். அதன்மேல் குண்டான் ஏறினால் கிளறுகிறவர் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். மேடையின் அடுப்புப் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் இறக்கிக் கட்டினால் தோள்வலி மிச்சம். கட்டும்போது இதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. கட்டிய பிறகு மாற்ற முடியாது.

ஆகவே வரைபடம் போடும் முன் அன்றாடம் சமைப்பவரை நிறுத்தி அளவெடுக்க வேண்டும். பணம் கொடுக்கும் மகனோ, ஊரிலிருந்து வரும் மூத்தவரோ முடிவெடுக்க வேண்டிய விஷயமல்ல இது. வயதானவர்கள் இருந்தால், உட்கார்ந்து காய் நறுக்க ஒரு தாழ்ந்த பலகையும் ஸ்டூலும் சேர்க்கலாம்.

காற்று, வெளிச்சம், எரிவாயு

தாளிக்கும் நெடியை வெளியேற்ற சிம்னிதான் வழி என்பது விளம்பரம் ஏற்படுத்திய எண்ணம். குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் சிம்னி பயன்படும். கரி வடிகட்டியில் சுற்றவைத்து உள்ளேயே விடும் வகை வெப்பத்தையும் நீராவியையும் குறைக்காது. முதலில் செய்ய வேண்டியது, எப்போதோ செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைத் திறப்பது. கட்டட விதித்தொகுப்பு அடுக்களைக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் கேட்கிறது. அதற்கு எதிர்ச்சுவரில், அடுப்புக்கு மேலாக, உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஓட்டு வீட்டில் இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் விளக்கு தேவைப்படாது. இரவுக்கு, நடுக்கூரையில் ஒரே பெரிய விளக்கு போட்டால் சமைப்பவரின் நிழல் அவர் வேலைமீதே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டி ஒட்டுவதே பலன் தரும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே 14.2 கிலோ சிலிண்டரை முழுவதும் மூடிய கப்போர்டுக்குள்ளோ பள்ளத்திலோ வைக்கக் கூடாது. கதவு வைத்தே ஆக வேண்டுமானால் அடியில் காற்றோட்டத் துளை வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் குழாய்வழி இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருப்பதால், வெளிச்சுவரில் அதற்கான ஒரு துளையை இப்போதே விட்டுவைப்பது முன்யோசனை. அந்த வாயு காற்றைவிட இலேசானது, மேலே ஏறும். அதற்கு உயரத்தில் திறப்பு வேண்டும்.

கண்ணுக்குத் தெரிபவை

இங்கேதான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

மேடைக்கு கிரானைட் நீடித்து உழைக்கும். வெளிநாட்டுக் கல்லும் செயற்கைக் குவார்ட்ஸும் தேவையில்லை. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லே போதும். கல் பட்டறைகளில் பெரிய வேலையில் மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். சின்ன மேடைக்கு அவை சரியாக அமையும். கடப்பா கல் இன்னும் மலிவு. சுண்ணாம்புக் கல் என்பதால் எலுமிச்சையும் புளியும் பட்டால் தழும்பு விழும். மேடைக்கு அதைத் தவிர்த்து, அடியில் அலமாரித் தட்டுக்குப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கடப்பாத் தட்டுகளை உடைக்க எந்தக் காரணமும் இல்லை.

தரையில் நல்ல ரெட் ஆக்ஸைடோ மொசைக்கோ இருந்தால் விரிசலை அடைத்து, பாலீஷ் போட்டு வைத்துக்கொள்ளலாம். அதைப் பெயர்த்து மோர்பி டைல்ஸ் பதிப்பது, நூறாண்டு தாங்குவதை எடுத்துவிட்டு வழுக்குவதைப் போடுவது. தரை கெட்டிருந்தால், உறுதியான பழைய தரைமீதே பசை கொண்டு டைல்ஸ் ஒட்டலாம்; இடிப்புக் கூலியும் குப்பை அள்ளும் செலவும் மிச்சம். கதவு தட்டுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் அழகு. எண்ணெயும் புளியும் சிந்தும் அடுப்படிக்கு அதைவிடக் கூடத்தில் மரியாதை அதிகம்.

சுவர் டைல்ஸ் மேடைக்கு மேல் இரண்டடி இருந்தால் போதும். அடுப்புக்குப் பின்னால் சற்று உயரம். கூரைவரை ஒட்டுவது அழகுக்கான செலவு.

கப்போர்டுகளே பட்ஜெட்டை உடைப்பவை. முதல் சிக்கனம் பரணில் இருக்கிறது. இறக்கிப் பார்த்தால், கல்யாணத்தில் வந்த பாத்திரம், கைப்பிடி போன குக்கர், காலி டப்பாக்கள். அவற்றைக் கழித்த பிறகு எவ்வளவு அலமாரி தேவை என்று எண்ணினால் கணக்கு பாதியாகும். மேடைக்கு அடியில் செங்கல்லும் கடப்பாவும் அல்லது ஃபெரோசிமென்ட் தட்டும் வைத்துப் பெட்டி கட்டி, முகப்புக்குக் கதவு மட்டும் போடுவது பழைய வீட்டுக்கு ஏற்றது. தண்ணீர் பட்டாலும் உப்பாது, கரையான் அரிக்காது. மரம் தேவைப்படும் இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் வாங்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு கடலோர ஈரத்தில் ஊறிப்போகும். மாடுலர் கடையில் சொல்லும் சதுர அடி விலையில் சேனலும் ஹிஞ்சும் கூடையும் சேர்ந்திருக்கிறதா, பெட்டியின் உட்பொருள் என்ன என்று எழுத்தில் கேட்க வேண்டும். கதவுக்கும் ஜன்னலுக்கும் பழைய மரக்கடைகள் இருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் இதற்குப் பெயர் பெற்றது.

கூலி, வரிசை, பணம்

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான். அடுக்களைக்கு வாங்கும் சில மூட்டைகளில் அதன் மிச்சம் சொற்பம். இந்த வேலையில் பெரிய செலவு கூலி. கூலியைக் குறைக்க வழி, ஆட்களை மலிவாகத் தேடுவதல்ல. ஒருவர் வேலையை மற்றவர் உடைக்காதபடி வரிசைப்படுத்துவது. கூரையும் கட்டுமானமும், இடிப்பு, வடிகாலும் குழாயும், வயர், பூச்சு, மேடை, தரை, சுவர் டைல்ஸ், பெயின்ட், தச்சு வேலை, கடைசியாகக் கருவிகள். இந்த வரிசை மாறக் கூடாது. நாள்கூலிக்கு மேற்பார்வை வேண்டும். மொத்த ஒப்பந்தத்துக்கு எழுத்து வேண்டும். எந்த பிராண்டு வயர், எந்தத் தடிமன் கல், குப்பையை அள்ளுவது யார் என்பவை அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அளவுக்கே பணம் தர வேண்டும்.

காலமும் செலவைப் பாதிக்கும். கூரை வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். பொங்கல் நெருங்கினால் பெயின்டர் கிடைக்க மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா இருக்காது. பழுது வேலைக்கு அந்தத் தடையை எல்லாரும் பார்ப்பதில்லை. வேலை நடக்கும் நாட்களுக்குத் தாழ்வாரத்தில் ஒரு தற்காலிக அடுப்படியை முன்கூட்டியே அமைக்காவிட்டால், ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு ஒரு சிங்க் வாங்கும் அளவுக்கு ஏறும்.

கையிலிருப்பது நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், என் பரிந்துரை இது: கூரை, சுவர், குழாய், வடிகால், வயர் ஆகியவற்றுக்கு 40, மேடைக்கும் தரைக்கும் சுவர் டைல்ஸுக்கும் 20, அலமாரிக்கு 20, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் 5, மீதி 15ஐத் தொடக்கூடாத கையிருப்பாக வைக்க வேண்டும். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் முன்பே சொல்ல முடியாது. கடன் வாங்குபவர்களில் பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழித்துக்கொள்ளலாம்.

வீடு இன்னும் பாகம் பிரியாமல் பங்காளிகளின் பொதுச்சொத்தாக இருந்தால் கணக்கு சற்று மாறும். பாதுகாப்பைத் தொட்ட வேலைகளுக்கு எல்லாரிடமும் பங்கு கேட்டு, செலவை எழுதி வைக்க வேண்டும். சேமிப்புக்கு ஸ்டீல் ரேக், தனி மேசை போன்ற எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களை வாங்கலாம். பாகப் பிரிவினையில் கிரானைட்டை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

முடிவு

மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லலாம். வைத்துக்கொள்ள வேண்டியவை: தொட்டி இருக்கும் சுவர், நல்ல தரை, கடப்பாத் தட்டு, கெட்டியான கதவு ஜன்னல். மாற்றியே ஆக வேண்டியவை: வயர், துருப்பிடித்த குழாய், அடைத்த ஜன்னல், சமைப்பவரின் உயரத்துக்குப் பொருந்தாத மேடை. தள்ளிப்போடக் கூடியவை: கப்போர்டுக் கதவு, சிம்னி, கூரைவரை டைல்ஸ், அலங்கார விளக்கு.

தள்ளிப்போட்டதை அடுத்த வருடம் எந்தச் சுவரையும் உடைக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். சுவருக்குள் விட்டுப்போனதைச் சேர்க்க முடியாது. ஆகவே பணம் குறையும்போது கதவில்லாத அலமாரியோடு வேலையை நிறுத்துங்கள். பழைய வயரை மட்டும் உள்ளே விட்டுப் பூசிவிடாதீர்கள்.